ஆறு நிமிடப் பாடம்



பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது ஆசிரியர். அந்த ஆசிரியருக்கே நடத்தக் கற்றுக்கொடுப்பது எப்படி?

1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நுண்ணிலைக் கற்பித்தல் என்று பெயர். பயிற்சி ஆசிரியர் நடத்துகிற சின்னப் பாடத்தை வீடியோ எடுத்து, அவருக்கே போட்டுக் காட்டுவது.

நம்ம பி.எட். கல்லூரிகளிலும் இது உண்டு. மொத்தம் 36 நிமிடம். பாடத்துக்கு 6, குறைநிறை சொல்ல 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி நடத்த 6, மறுபடி குறைநிறைக்கு 6. கேள்வி கேட்பது, கரும்பலகையில் எழுதுவது என்று ஒரு தடவைக்கு ஒரே ஒரு திறன்தான். பெரும்பாலும் சக பயிற்சி ஆசிரியர்களே மாணவர்களாக உட்காருவார்கள். அன்றைக்குப் பெரிய கேமரா வேண்டியிருந்தது; இன்றைக்குப் பேராசிரியரின் செல்போனே போதும்.

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பயிற்சி ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலப்பதைப் பற்றிப் பாடம். பேராசிரியர் வீடியோவைப் போட்டுக் காட்டிவிட்டுக் கேட்டார்:

"எப்படிப்பா இருந்தது?"

"ரொம்ப நல்லா இருந்தது சார். ஒருத்தர்கூடத் தப்பாப் பதில் சொல்லலை!"

"எப்படிச் சொல்லுவாங்க? கேள்வியும் நீயே கேட்டே, பதிலும் நீயே சொல்லிட்டியே!"