சிரட்டைக் கரியும் கிராபீன் மந்திரமும்
(நாகர்கோவிலில் பேசியதன் சுருக்கம்)



சிதறு தேங்காய் உடைத்தால் காரியம் கைகூடும் என்று சொல்லித் தந்தவர்கள், உடைந்த சிரட்டைக்குள் என்ன இருக்கிறதென்று ஒருநாளும் சொல்லவில்லை. அதை இன்று நாம் பார்ப்போம்.

சிரட்டையைக் காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கி, அக்கரியைச் சுமார் 900 டிகிரி சூட்டில் நீராவியில் வைத்தால், கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரிக்குள் 1000 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு. நமது கணக்கில் 25 சென்ட் வயல்! சூப்பர் கெப்பாசிட்டர் என்னும் மின்தேக்கியில் இக்கரி பூசிய இரண்டு மின்வாய்கள் உப்புக் கரைசலில் நனைந்திருக்கும். மின்சாரம் ஏற்றினால் கரைசலிலுள்ள அயனிகள் அந்தப் பரப்பில் போய் அண்டிக்கொள்ளும். பரப்பு கூடினால் சேமிப்பும் கூடும். இதில் தேவரகசியம் யாதொன்றுமில்லை.

கிராபீன் என்பதோ கரியணுக்கள் ஒற்றை அடுக்காகப் பரந்த தாள். 2004-இல் மாஞ்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இருவர், பென்சிலில் உள்ள கிராபைட்டின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தே அதைப் பிரித்தார்கள். 2010-இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அதன் பரப்பு, கணக்குப்படி, கிராமுக்கு 2630 சதுர மீட்டர். அதாவது 65 சென்ட். ஆனால் உரித்து உரித்து வியாபாரம் நடக்குமா? ஆகவே கிராபைட் பொடியைக் கந்தக அமிலத்திலும் பெர்மாங்கனேட்டிலும் இட்டு ஆக்ஸிஜன் ஏற்றி, நீரில் தாள்தாளாகப் பிரித்து, பிறகு அந்த ஆக்ஸிஜனை நீக்குகிறார்கள். கிராபைட் நம் சிவகங்கையிலேயே கிடைக்கிறது. தொல்லை என்னவென்றால், ஆக்ஸிஜன் போனதும் தாள்கள் ஈர அப்பளம்போல் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. 65 சென்டில் பெரும்பகுதி மறைந்துவிடுகிறது. ஒட்டாமல் விலக்கி வைப்பதில்தான் மின்வாய் செய்கிறவனுடைய சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது.

நிற்க. ஆரல்வாய்மொழிக் காற்றையெல்லாம் இதில் அடைத்து வைக்கலாமென்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர் கிலோவுக்குச் சுமார் 5 முதல் 10 வாட்-மணிதான் கொள்ளும். லித்தியம் பாட்டரியோ 150-க்கு மேல் கொள்ளும். நொடிகளில் ஏறுவதும், லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினாலும் உழைப்பதுமே இதன் பெருமை. மின்சாரம் அறுந்துபோன வேளையில் காற்றாலையின் இறக்கையைத் திருப்பி நிறுத்த இது பயன்படுகிறது. அது சின்ன வேலையல்ல.

இப்பொழுது கிராபீன் என்ற பெயரே ஒரு மந்திரமாகி வருகிறது. 2018-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 60 கம்பெனிகளின் சரக்கைச் சோதித்து வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் மெய்யான கிராபீன் நூற்றுக்குப் பத்துக்கூட இல்லை. மீதியெல்லாம் வெறும் கிராபைட் துகள்! தாயத்துக்குள் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்கச் சொன்ன நாம், இந்த டப்பாவை மட்டும் கும்பிட்டு வாங்குவதா? எத்தனை அடுக்கு, கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர், எத்தனை ஆயிரம் தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தீர் என்று கேளுங்கள். விற்கிறவன் கோபித்துக்கொண்டால் சிரட்டைக் கரியே போதுமென்று திரும்பி வந்துவிடுங்கள்.