தேடாமற் கிடைத்த ஆனந்தம்

நூதன உலகம் மனிதனுக்கு அநேக சௌகரியங்களை அளித்திருக்கின்றது. அச்சௌகரியங்களோடு ஓர் எண்ணத்தையும் அது அவன் உள்ளத்தில் விதைத்துவிட்டது. புதியது வந்தாற் பழையது கழியவேண்டும் என்பதே அந்த எண்ணம். மாட்டுவண்டி போய் மோட்டார் வண்டி வந்தது. தந்தி போய்க் கைத்தொலைபேசி வந்தது. அவ்வாறே பாட்டனார் காலத்துப் பக்தியும் காலாவதியான பொருள்களுள் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். யந்திரத்துக்குப் பொருந்தும் விதி ஆன்மாவுக்கும் பொருந்துமா? இக்கேள்வியோடு பல்லாண்டுகள் போராடிய ஒருவரின் சரித்திரம் நேயர்களின் சிந்தனைக்கு உரியது. ஆங்கில இலக்கியப் பேராசிரியராக விளங்கிய சி. எஸ். லூயிஸ் என்பவரே அவர்.

லூயிஸ் 1898ஆம் ஆண்டு அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலே ஒரு சட்டத்தரணியின் இளைய மைந்தனாகப் பிறந்தார். அவர் சிறு பிள்ளையாயிருந்தபோது தமையனார் ஒரு நாள் பிஸ்கோத்துத் தகரத்தின் மூடியிலே பாசியைப் பரப்பி, சிறு குச்சிகளையும் பூக்களையும் வைத்து, ஒரு விளையாட்டுத் தோட்டம் செய்து கொண்டுவந்தார். பின்னொரு நாள், பூத்து நின்ற செடியொன்றின் அருகே நின்றபோது அத்தோட்டத்தின் நினைவு திடீரென அவருள் எழுந்தது. அதனோடு, சொல்லில் அடங்காத ஓர் ஏக்கமும் எழுந்தது. கண நேரத்தில் மறைந்தது. எதனை நாடி அது எழுந்ததென்பது பிள்ளைக்கு விளங்கவில்லை. ஆயினும் உலகத்து இன்பங்கள் யாவும் அதன் முன்னே சிறியனவாய்த் தோன்றின. இவ்வேக்கத்துக்கே அவர் பிற்காலத்தில் ஆனந்தம் என்று பெயரிட்டார்.

1908ஆம் ஆண்டில் அவருடைய அன்னையார் புற்றுநோயால் இறந்தார். தாய் பிழைக்க வேண்டுமென்று பிள்ளை செய்த பிரார்த்தனை பலிக்கவில்லை. வாலிபப் பருவம் எய்தியபோது அவர் நாஸ்திகராகிவிட்டார். முதலாம் உலக யுத்தத்தில், தம் பத்தொன்பதாவது பிறந்த நாளன்று பிரான்சு தேசத்துப் போர்முனையை அடைந்தார்; 1918 ஏப்பிரலில் காயமுற்றார். பதுங்குகுழியின் சேற்றையும் பிணங்களையும் கண்ட ஒருவர் கடவுளை மறுத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பழைய ஏக்கம் மாத்திரம் அவரை விடவில்லை. இசையிலும் புராணக் கதைகளிலும் அதனைத் தேடினார். பிடிக்க முயன்ற போதெல்லாம் அது நழுவிற்று.

1925ஆம் ஆண்டு முதல் லூயிஸ் ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையின் மக்டலன் கல்லூரியிலே கற்பித்தார். பழைய கொள்கைகள் பழையன என்பதனாலேயே பொய்யானவை என்று அவர் எண்ணியிருந்தார். ஓவன் பார்பீல்ட் என்னும் நண்பர் அவ்வெண்ணத்தைக் கலைத்தார். ஒரு கொள்கை வழக்கொழிந்ததாயின், அதனைத் தவறென்று நிரூபித்தவர் யார், எவ்வாறு நிரூபித்தார் என்று கேட்கவேண்டும். ஒருவரும் நிரூபிக்கவில்லையெனின், அது நாகரிகத்தின் மாற்றமேயன்றி உண்மையின் மாற்றமன்று. இவ்வுரைகல்லைப் பெற்ற பின் லூயிஸின் நாஸ்திகம் தளர்ந்தது. கடவுள் உண்டென்பதை அவர் மகிழ்ச்சியோடு ஏற்கவில்லை, மனமின்றியே அடிபணிந்தார்.

1931 செப்டெம்பரில் ஓர் இரவு, டோல்கீன், டைசன் என்னும் இரு நண்பர்களோடு கல்லூரி வளவின் நடைபாதையிலே நெடுநேரம் உரையாடினார். சில நாட்களின் பின் தமையனாரின் மோட்டார் சைக்கிளோடு இணைந்த பக்கவண்டியில் அமர்ந்து விப்ஸ்னேட் மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்றார். புறப்பட்டபோது இயேசுவைத் தேவகுமாரன் என்று அவர் விசுவாசிக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது விசுவாசித்தார். ஆலயத்திலன்று, நூதன யுகத்தின் யந்திரமொன்றிலே இருக்கையில் அவர் உள்ளம் திரும்பியது கவனிக்கத்தக்கது.

பத்தாண்டுகளின் பின் வேறொரு யந்திரம் அவர் குரலைச் சுமந்து சென்றது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் அழைப்பின்பேரில் 1941 ஓகஸ்டில் அவர் பேசத் தொடங்கினார். ஜேர்மானியரின் குண்டுவீச்சினால் லண்டன் மாநகர் சிதைந்திருந்த காலம் அது. லூயிஸ் வேதவசனத்தோடு தொடங்கவில்லை. சாதாரண மனிதர் சச்சரவிடும்போதுங்கூட நியாயம் என்ற ஒன்றை ஆதாரமாகக் காட்டுகின்றனரே, அந்த நியாயம் எங்கிருந்து வந்தது என்று வினவித் தொடங்கினார். 1944 வரை நிகழ்த்திய அப்பேச்சுக்கள் 1952இல் ஒரே நூலாயின.

1954ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பேராசிரியர் பதவியேற்று ஆற்றிய தொடக்கவுரையில், ஐரோப்பிய வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் யந்திரங்களின் வருகையே என்று அவர் வாதித்தார். புதிய யந்திரம் பழையதை வெல்வதைக் கண்டு பழகிய மனம், எல்லாவற்றையும் அவ்வாறே அளக்கத் தொடங்கிவிட்டது என்பது அவர் கருத்து. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மறைந்து நீரிறைக்கும் யந்திரம் வந்துவிட்டது; தாகம் மறைந்ததா? நீரின் குணந்தான் மாறியதா?

ஆனந்தத்தைப் பற்றிய தம் சரித்திரத்தை லூயிஸ் 1955இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில் ஜோய் டேவிட்மன் என்னும் அமெரிக்க மாதைப் பதிவுத் திருமணம் செய்தார். ஜோய் என்ற சொல்லின் பொருளும் ஆனந்தமே. விரைவில் அவ்வம்மையாரைப் புற்றுநோய் பற்றியது. 1957இல் வைத்தியசாலைக் கட்டிலருகே குருவானவர் அவர்களின் விவாகத்தை ஆசீர்வதித்தார். நோய் சிறிது தணிந்தது, பின் மீண்டது. 1960 ஜூலையில் அவர் காலமானார்.

தாயை இழந்த பிள்ளையின் சோதனை மறுபடியும் வந்தது. லூயிஸ் தம் துயரத்தை மறைக்கவில்லை. கடவுளின் மௌனத்தைக் கண்டு கலங்கியதையும், சினந்ததையும், ஐயுற்றதையும் எழுதி, 1961இல் புனைபெயரில் வெளியிட்டார். அந்நூலின் இறுதியில் வினாக்கள் யாவும் தீர்ந்துவிடவில்லை. எனினும் அவர் கடவுளோடு பேசுவதை நிறுத்தவுமில்லை. வாலிபத்தில் உடைந்த விசுவாசம் அறுபத்தொரு வயதில் அடிபட்டும் நின்றது.

அவர் 1963 நவம்பர் 22ஆந் திகதி மறைந்தார். அன்றே ஜனாதிபதி கெனடி கொலையுண்டமையால் அம்மரணத்தை உலகம் அதிகம் கவனிக்கவில்லை.

ஆனந்தம் என்பது வழியில் நாட்டிய கைகாட்டி மரம் என்று லூயிஸ் கண்டார். ஊருக்குப் போகிறவன் கைகாட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அது காட்டும் திசையிலே நடக்கின்றான். புதுமைகளிலே ஆனந்தத்தைத் தேடி அலைந்து களைத்தவர்கள், அது எத்திசையைக் காட்டுகின்றதென்று ஒரு கணம் நின்று பார்ப்பது நன்று.