ஓடுபாதையில் கிடக்கும் வாக்குமூலம்



சென்னையின் விமானக் கதை தனியார் சிறு விமானத்தில்தான் தொடங்கியது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ், சிம்ப்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தை 1910இல் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். மயிலாப்பூர் சி. ராஜம் தம் வீட்டை விற்று 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., வானூர்திப் பொறியியலையும் கற்பித்தது. இந்த அடையாற்றிலேயே ஐ.ஐ.டி.யின் விண்வெளிப் பொறியியல் துறை இருக்கிறது. இவ்வளவு அறிவு திரண்ட ஊரிலும், ஒரு சிறு விமானம் தரையில் மோதி மூக்கு நசுங்கினால் அது ஒரு நாள் செய்தியோடு முடிந்துபோகிறது.

2025 நவம்பர் 13 அன்று சேலம் விமானப் பயிற்சிப் பள்ளியின் செஸ்னா 172 ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே திருச்சி நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். மூக்குப் பகுதி சேதமடைந்தது. உயிர் தப்பியது பெரும் ஆறுதல். ஆனால் புலனாய்வாளருக்கு நெடுஞ்சாலையைப் போல் பொல்லாத இடம் வேறில்லை. கூட்டம் சூழும், போக்குவரத்தைத் திறந்தாக வேண்டும், அடுத்த பேருந்தின் சக்கரமே தடயத்தை அழித்துவிடும்.

அந்தத் தடயம் ஏன் முக்கியம்? இத்தகைய சிறு விமானத்தில் கறுப்புப் பெட்டி வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023 செப்டம்பரில் மும்பையில் லியர்ஜெட் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகி நொறுங்கியபோது, அதற்குச் சற்று முன் ஒலித்த, இறக்கையின் தூக்குவிசை குலையப்போவதை உணர்த்தும் ஸ்டால் எச்சரிக்கையை விமானி அறை ஒலிப்பதிவிலிருந்து அறிய முடிந்தது. செஸ்னா 172இல் பொதுவாக அந்த வசதி கிடையாது. தரையே பதிவுக் கருவி.

தரையில் பலமாக மோதி இறங்கும் கடினத் தரையிறக்கத்தில் புரொப்பல்லர் தரையைத் தொட்டால், தாரில் வரிசையாக வெட்டுகள் விழும். விமானத்தின் வேகம் தெரிந்தால், அவற்றின் இடைவெளியை டேப் வைத்து அளந்தாலே போதும். 60 நாட் வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 31 மீட்டர். இரண்டு அலகுள்ள புரொப்பல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் நொடிக்கு 80 வெட்டு. இடைவெளி சுமார் 39 சென்டிமீட்டர். அதே வேகத்தில் இன்ஜின் 1,200 சுற்றில் இருந்தால் இடைவெளி இரட்டிக்கும். மோதிய கணத்தில் விமானி மீண்டும் மேலே எழும்ப இன்ஜினை முடுக்கினாரா, த்ராட்டிலை மூடியே வைத்திருந்தாரா என்பதை அந்த இடைவெளி சொல்லிவிடும். மாணவர் பதற்றத்தில் மறந்துபோனதையும் அது நினைவு வைத்திருக்கும்.

பயிற்சி விமானங்களின் கடினத் தரையிறக்கத்தில் பெரும்பாலும் கதை ஒன்றுதான். வேகம் மிஞ்சி வந்த விமானம் தரைக்கு மேல் மிதக்கிறது. மாணவர் மூக்கை அழுத்துகிறார். மூக்குச் சக்கரம் முதலில் பட்டுத் துள்ளுகிறது. அவர் மறுபடி அழுத்துகிறார். இரண்டாவது, மூன்றாவது துள்ளலில் சக்கரத் தண்டு முறிகிறது.

முறியாமல் போவதுதான் இன்னும் ஆபத்து. அமெரிக்கச் சான்றிதழ் விதிகளின்படி, சிறு விமானத்தின் சக்கர அமைப்பு நொடிக்கு 7 முதல் 10 அடி வரை கீழிறங்கும் வேகத்தைத் தாங்க வடிவமைக்கப்பட்டது. அதை மீறிய மோதலில் இன்ஜினுக்குப் பின்னுள்ள ஃபயர்வால் தகட்டில் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கலாம். வெளியே ஒரு கீறலும் தெரியாது. கடினத் தரையிறக்கத்துக்குப் பிறகு தனிச் சோதனை வேண்டும் என்று பராமரிப்புக் கையேடு சொல்கிறது. ஆனால் அந்தச் சோதனை நடக்க, யாராவது வாய் திறக்க வேண்டும். பயந்துபோய் ஒரு மாணவர் மறைத்தால், மறுநாள் காலையில் அதே விமானத்தில் ஏறுபவர் இன்னொரு வீட்டுப் பிள்ளை.

சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 13ஆம் இணைப்பு, புலனாய்வின் ஒரே நோக்கம் விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதல்ல என்கிறது. இந்தியாவின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவும் 2012 முதல் அந்த அடிப்படையில் இயங்குகிறது. ஆனால் 2017 விதிகளின்படி அது கட்டாயமாக விசாரிக்க வேண்டியிருந்தவை 2,250 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களின் விபத்துகளும் ஜெட்களின் விபத்துகளும்தான். செஸ்னா 172 அந்த எடையில் ஏறக்குறைய பாதி. பாடம் கிடைக்கும் என்று கருதினால் அதையும் எடுத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை என்றன அந்த விதிகள்.

இந்த இடைவெளியைப் பல்கலைக்கழகங்கள் நிரப்ப முடியும். பயிற்சிப் பள்ளிகள் ஒவ்வொரு கடினத் தரையிறக்கத்துக்கும் மாணவர் பெயர் இல்லாமல் ஒரு படிவம் அனுப்பட்டும்: அணுகு வேகம், காற்று, துள்ளல்களின் எண்ணிக்கை, வெட்டுகளின் இடைவெளி, தகட்டின் படம். அந்தப் படிவத்தின் முதல் வரைவை இம்மாநாட்டின் இன்றைய அமர்வுகளே எழுதித் தர வேண்டும்.