தஞ்சாவூரில் ஒரு பகல்

தஞ்சாவூர் என்றதும் பெரிய கோயில்தான் நினைவுக்கு வரும். ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்தது. 'கோபுர நிழல் தரையில் விழாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலையில் மேற்குப் பக்கம் போய் நின்றால், அந்த நிழலிலேயே இளைப்பாறலாம்!

மதியம் நடை சாத்தியதும் பலர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம். அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, கால் மாற்றி ஒயிலாக நிற்கிறார் சிவன். சாய்ந்துகொள்ள வேண்டிய காளையைக் காணோம். கை மட்டும் காற்றில் ஊன்றியிருக்கிறது. காளை இல்லாததே ஓர் அழகு என்பேன். வயது ஆயிரத்துக்கு மேல்!

பக்கத்திலேயே சரசுவதி மகால் நூலகம். அங்குள்ள ஓலைச்சுவடிகளோடு இன்னொன்றும் உண்டு: சரபோஜி மன்னர் காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், அவர்களின் கண்களை வரைந்த படங்களோடு.

தலையாட்டி பொம்மையைக் கடைசியில் வாங்குங்கள். முதலிலேயே வாங்கினால், நாள் முழுக்க அதைச் சுமக்க வேண்டியது நீங்கள்தான்!