டீசலா, பெட்ரோலா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

எனக்குச் சொந்த ஊர் நாட்றாம்பாளையம்; வேலை ஓசூரில். ஊருக்குப் போனால், நலம் விசாரித்த கையோடு, "தம்பி, நீ இன்ஜினியராச்சே! பெரிய வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். டீசலா, பெட்ரோலா?" என்று கேட்பார்கள். சிலருக்கு அது நிலம் விற்ற பணம். பலருக்கு ஏழு வருஷக் கடன். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது.

"டீசல்னா வித்தாலும் விலை போகும்" என்ற நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 2012 மே மாதம் டில்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். அந்த இடைவெளிதான் டீசல் வண்டிக்கு மவுசைக் கொடுத்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக்கட்டுப்பாடு நீங்கியது, இடைவெளியும் சுருங்கிவிட்டது.

ஆனால் இழுவையில் டீசல் டீசல்தான். 2021-இல் வந்த டொயோட்டா ஃபார்ச்சூனரையே பாருங்கள். 2.7 லிட்டர் பெட்ரோல் என்ஜினின் முறுக்குவிசை 245 நியூட்டன் மீட்டர், 2.8 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக்கில் 500. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு அஞ்செட்டி மலைப்பாதையில் ஏறினால் வித்தியாசம் தெரியும்.

பிறகு என்ன சிக்கல்? 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. டீசல் கார்களின் புகைபோக்கியில் டி.பி.எஃப். என்னும் கரி வடிகட்டி ஏறியது. சேரும் கரியை அது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். வீட்டிலிருந்து சிப்காட்டுக்கு ஆறு கிலோமீட்டர், திரும்ப ஆறு கிலோமீட்டர் என்று மட்டும் ஓட்டினால் கரி எரியாது, அடைத்துக்கொள்ளும். பாதியில் நின்றுபோகும் சுத்திகரிப்பால் டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து, ஆயில் மட்டம் ஏறும். ஆயில் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், அது நோய்!

சில வண்டிகளில் ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். நம்ம ஊரில் யூரியா மூட்டைக்குப் பஞ்சமில்லை என்று உர யூரியாவைக் கரைத்து ஊற்றினால், விலை உயர்ந்த வினையூக்கியே பாழாகும்.

பெட்ரோல் மட்டும் சுத்த சாதுவா? இல்லை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-இல் நாடெங்கும் பரவியது. எத்தனாலில் சக்தி குறைவு; மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியென்றால் ரப்பர் குழாய்களையும் கேஸ்கட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ என்ஜின்களில், உள்வாங்கு வால்வைப் பெட்ரோல் கழுவாது. அங்கே கரி படியும்.

இன்னொரு ஆசை, டில்லி வண்டி. அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-இல் தளர்வு கிடைத்தாலும், அந்தப் பயத்தில் சொகுசு டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வந்தன. வாங்கும் முன் தடையில்லாச் சான்றிதழையும் இங்கே கட்ட வேண்டிய வரியையும் கூட்டிப் பாருங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து கே.ஏ. எண் வண்டிக்கும் இதே கணக்குதான். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டம்.

ஆக, என் பதில் இதுதான். மலையும் நெடுஞ்சாலையுமாக ஓடுகிறவர் டீசல் எடுங்கள். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர் பெட்ரோல் எடுங்கள். பத்து வருஷம் வைத்திருக்க நினைத்தால் டர்போ இல்லாத சாதா என்ஜின் பாருங்கள். பழைய வண்டியென்றால் விற்பவரிடம் முதலில், "இது தினமும் எங்கே ஓடுச்சு?" என்று கேளுங்கள். பிறகு சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டுங்கள். எரிபொருள் எதுவானாலும், நல்ல விலை போவது ஒழுங்காக ஓட்டி, பில்லைப் பத்திரமாக வைத்த வண்டிதான்.