வண்டிக்குள் உறங்குகிறவர்களுக்கு



2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டித் தரையிலிருந்த துவாரம் வழியே உள்ளே ஏறியதாக வல்லுநர்கள் கண்டறிந்தார்கள்.

புகை என்கிறோம், கொன்றது நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு. ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல் வரும். பிரயாணக் களைப்பு என்று படுத்துவிடுவோம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானியும், எல்லாம் சரியாயிருப்பதுபோலவே காட்டக்கூடும்.

குடும்பமாக வேனில் மலைக்குப் போகிறவர்கள் உங்களில் உண்டு. சமைத்து முடித்த கரி அடுப்பைக் குளிருக்கென்று வண்டிக்குள் ஏற்றாதீர்கள். தணல் சாம்பல் பூத்த பின்னும் அந்த வாயு வரும். ஜன்னலைச் சற்றுத் திறந்தால் போதும் என்பார்கள். நாங்கள் அதை ஒப்புக்கொள்ளமாட்டோம். எச்சரிக்கை மணிக் கருவி ஒன்று வாங்கிப் படுக்குமிடத்தில் மாட்டுங்கள். ஒருவருக்குத் தலை சுற்றினாலும் எல்லாரையும் வெளியே இறக்கி, 108-ஐ அழையுங்கள். வெளிக்காற்றில் இரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் செல்லும். முகமூடி வழியே தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான்.