கேட்பதற்கு முன்னால் கொடுத்த ரத்தம்



ஓசூரிலிருந்து பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில் அத்திப்பள்ளி, சந்தாபுரா, பொம்மசந்திரா தாண்டினால் ஹெப்பகோடி. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோ மஞ்சள் தடம் இப்போது இந்த ஊர் வழியாகத்தான் ஓடுகிறது. ஒரு பக்கம் பயோகானும் தொழிற்பேட்டையும். கூப்பிடு தூரத்தில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நாராயணா மருத்துவமனை. நடுவே கல்லூரிகள். ரத்தம் தேவைப்படும் இடமும் ரத்தம் கொடுக்கத் தெம்புள்ள இளைஞர்களும் இங்கே பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் ரத்ததானம் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்பவர்கள் குறைவு. "நல்ல விஷயம்தான். யாருக்காவது அவசரம்னா கூப்பிடுங்க, உடனே வந்துடறேன்" என்பார்கள். மனதாரச் சொல்வதுதான். ஆனாலும் அந்த "அவசரம்னா" என்கிற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது.

நெடுஞ்சாலையில் விபத்து. அடிபட்டவர் மருத்துவமனை மேஜைமேல் கிடக்கிறார். நண்பர் பைக்கில் பறந்து வந்து கொடுக்கிற ரத்தத்தை அப்படியே அவருக்கு ஏற்றிவிட முடியாது. வகை பார்க்க வேண்டும். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்க வேண்டும். சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரிக்க வேண்டும். இதற்கெல்லாம் மணிக்கணக்கில் ஆகும். அதுவரை அடிபட்டவரின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது, முகம் தெரியாத யாரோ போன வாரமே கொடுத்துவிட்டுப் போன ரத்தம். தலசீமியா உள்ள குழந்தையை நினைத்துப் பாருங்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதும் ரத்தம் ஏற்றியாக வேண்டும். அந்தக் குழந்தையின் அப்பா ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் ஆள் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

ஒரு காலத்தில் நம் நாட்டில் ரத்தத்தை விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். பசிக்காக விற்றவர், தனக்கு வந்த நோயை வெளியே சொல்லமாட்டார். அந்த ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏறும். இந்த வியாபாரத்துக்கு எதிராகக் கொல்கத்தாவில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர்கள் 1962இல் முகாம் நடத்தத் தொடங்கினார்கள். உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் காசுக்கு ரத்தம் வாங்குவது நின்றது. அதற்கு முப்பத்தாறு ஆண்டு முன்பே மாணவர்கள் விழித்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அதனால்தான் இன்றைய முகாம்களைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வந்தால் வருகைப்பதிவு உண்டு, சான்றிதழ் உண்டு என்று அறிவிக்கிற இடங்களில், நேற்றுவரை மாத்திரை சாப்பிட்டதையோ, மூன்று மாதம் முன்பு பச்சை குத்திக்கொண்டதையோ படிவத்தில் மறைக்கத் தோன்றும். பச்சை குத்தினால் 12 மாதம் பொறுக்க வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்குத் தெரியாது. அங்கே கேட்கிற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்வதும் தானத்தில் பாதி.

இன்னொன்று, கணக்கு. ஆண்டு விழாபோல ஒரே நாளில் 300 பேரிடம் ரத்தம் எடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறோம். பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். சிவப்பணுவைக் குளிரில் வைத்தாலும் 35 முதல் 42 நாள். அதற்குப் பிறகு? மழைக்காலத்தில் டெங்கு வந்து பிளேட்லெட்டுக்கு அலைகிறபோதும், ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டபோதும் அந்த 300 பையும் உதவாது. அதே 300 பேரைச் சிறு குழுக்களாக்கி மாதத்துக்கு ஒரு குழு என்று அனுப்பினால், படம் சின்னதாகத்தான் இருக்கும். குளிர்பெட்டி காலியாகாது.

பயங்களும் உண்டு. "நீயே ஒல்லியா இருக்கே, ரத்தம் வேற குடுக்கணுமா?" என்று அம்மா கேட்பார். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: எடையும் ஹீமோகுளோபினும் பார்த்த பிறகுதான் எடுப்பார்கள். 45 கிலோவுக்குக் குறைவென்றால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். எடுப்பது பெரும்பாலும் 350 மில்லி. உடம்பில் ஓடுவது ஏறக்குறைய ஐந்து லிட்டர். போன நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும், அணுக்கள் சில வாரத்தில்.

எனக்கு மனம் அதிகம் கனப்பது, கொடுக்க வந்து திரும்பிப் போகிற பெண்களை நினைக்கும்போதுதான். ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 சதவீதம். தோழிகளோடு வரிசையில் நின்றவளிடம் "உனக்குப் பத்தாதும்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அவள் வெட்கத்தோடு போய்விடுவாள், மறுபடி வரமாட்டாள். அவளுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஓர் இலவச ரத்தப் பரிசோதனை. அந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும், என்ன சாப்பிட வேண்டும், எப்போது திரும்ப வரலாம் என்று உட்காரவைத்துப் பேச, ஒவ்வொரு முகாமிலும் ஒருவரைத் தனியாக நிறுத்த வேண்டும். கல்லூரிகள் இதைச் செய்ய முடியும். செலவு ஒரு நாற்காலியும் ஒரு ஆளும்தான்.

முதல்முறை கொடுக்கப் போகும் தம்பி, தங்கைகளுக்கு: முந்தின இரவு நன்றாகத் தூங்குங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். கொடுத்து முடித்ததும் எழுந்து ஓடாமல் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பிறகு போனை எடுத்து, ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் தள்ளி ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு யாரும் கூப்பிடாவிட்டாலும் போய்விட்டு வாருங்கள்.